அம்மாவும் நானும் ஒரே துப்பாக்கியும்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு ஜூலைக் காலையில், நோர்வேயில் நாங்கள் இருக்கும் புறநகரான அம்மருட்டின் கடைசி மாடிக்கட்டடத்துக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தில் இருந்த எங்கள் தோட்டத் துண்டில். ஒரு வகுப்பறையளவு நிலம்தான். அதற்குள் அம்மா போஞ்சி, பீட்ரூட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் வைத்திருந்தார். வெள்ளி மாலை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தபோது எல்லாம் வடிவாகத்தான் நின்றன. சனி காலை போய்ப் பார்த்தால் போஞ்சிக் கொடிகளில் நார்தான் மிச்சம். பீட்ரூட் இலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் யாரோ தின்றிருந்தார்கள். ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்த சின்னக் குளம்படிகள். கொத்தமல்லியை மட்டும் ஒன்றும் தொடவில்லை.

"ரோடீர்," என்றேன். ஆட்டைவிடச் சற்று உயரமான, மெல்லிய கால் சிறுமான். எங்கள் பக்கத்துக் காட்டில் அது பூனை மாதிரி. எந்த வேலியையும் தாண்டும்.

அம்மா குந்தியிருந்து ஒரு நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கொத்தமல்லியைக் கறிக்கெண்டு விட்டுட்டுப் போயிருக்குது பார்! இதைக் கறி வைச்சுச் சாப்பிட்டாத்தான் பிள்ளை என்ர மனம் ஆறும்."

அம்மா அதைக் கோபத்தில் சொன்னார். நான் அதை ஒரு திட்டமாகக் கேட்டேன். ஏன் கூடாது? இந்த நாட்டில் பாதிப்பேர் இலையுதிர்காலம் வந்தால் காட்டுக்குள் போகிறார்கள். என் வகுப்பில் மானிறைச்சி கொண்டுவந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். நாங்கள் இதே காட்டின் ஓரத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். புளூபெரி பொறுக்கியதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் நான் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் என் பழைய ஆர்வங்களுக்கென்றே ஓர் அலமாரி இருந்தது: மலையேறும் கயிறு, இரண்டு கம்பி அறுந்த கித்தார், மண்பாண்டம் செய்யும் கத்திகள். அப்பா செய்தி பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உது எத்தினை கிழமைக்கு?"

"அப்பா, இது அப்பிடியில்லை."

"கித்தாரும் அப்பிடியில்லைத்தான்."

நோர்வேயில் வேட்டையாட முதலில் ஒரு வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். குளிர்காலத்தில், பக்கத்து ஊரான ஸ்டோவ்னருக்கு அந்தப்பக்கம் ஒரு பாடசாலையில், வாரம் ஒரு மாலை. வகுப்பில் இருபது ஆண்கள் இருப்பார்கள் என்று அம்மா தானே முடிவுசெய்து, முதல் நாள் என்னோடு வந்து கடைசி வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்மையில் எட்டுப் பேர்தான், அதில் மூன்று பெண்கள். வகுப்பெடுத்தவர் அம்மாவைப் பார்த்து, "சும்மா இருக்க முடியாது. இருப்பதென்றால் படிக்க வேண்டும்," என்றார். அம்மா யோசித்தார். ஒரு கொப்பி கேட்டு வாங்கினார்.

தேர்வில் ஐம்பதுக்கு எனக்கு நாற்பத்துமூன்று, அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. அதை அவர் இன்றுவரை யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. சுடும் தேர்வு இன்னும் மோசம். நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு மானின் உருவம், ஐந்து குண்டு, ஐந்தும் நெஞ்சுப்பகுதியில் பட வேண்டும். எனக்கு மூன்றாம் முறைதான் சரிவந்தது. அம்மா முதல் முறையே ஐந்தையும் வைத்தார்.

"என்ன அம்மா செய்தனீங்கள்?"

"ஊசியில நூல் கோக்கிற மாதிரித்தான். மூச்சை விட்டுட்டுக் கொஞ்சம் நிக்க வேணும். நீ நிக்கிறாய் இல்லையே. நீ எப்பவும் அடுத்த இடத்துக்குப் போயிடுவாய்."

துப்பாக்கி ஒன்றுதான் வாங்கினோம், பழையது. இருவரும் முறை வைத்துப் பாவிப்பதென்று பேச்சு. சட்டப்படி அதற்கு இரும்புப் பெட்டி வேண்டும். பெட்டி வந்த அன்றே அம்மா அதன் மேல்தட்டில் தன் நகைகளையும் கலியாணக் கூறைச் சேலையையும் வைத்துவிட்டார். "இவ்வளவு பாதுகாப்பான இடம் வீட்டில வேற எங்கை இருக்கு?" என்றார்.

சான்றிதழ் இருந்தது, துப்பாக்கி இருந்தது. காடு இல்லை. இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை: இந்த நாட்டில் வேட்டையாடும் உரிமை நிலத்துக்காரருக்கு. அவர் விட்டால்தான் கால் வைக்கலாம். நல்ல நிலமெல்லாம் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவருடைய மச்சானின் குழுவிடம் இருக்கும். நான் ஒன்பது பேருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் மரியாதையாக இல்லை என்றார்கள். மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. கோடை முடியப்போகிறது, நான் அலமாரியில் இடம் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அம்மா முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அங்கே ஒரு தாதிக்கு வடக்கே ஒரு மணிநேரத் தூரத்தில் பண்ணை இருந்தது: மாடு, ஓட்ஸ் வயல், பின்னால் காடு. ஒருநாள் கோப்பி இடைவேளையில் அவர் வயலுக்குள் மான் இறங்கிப் படுத்து உருள்கிறதென்று குறைப்பட்டிருக்கிறார். அம்மா போஞ்சிக் கதையைச் சொல்லியிருக்கிறார். பிறகு, தன்னிடம் சான்றிதழ் இருக்கிறதென்றும், மகளைவிட ஐந்து புள்ளி கூடவென்றும்.

அந்தத் தாதி எங்களுக்கு வைத்த பேச்சு நேரானது. ஓகஸ்டில் ஆண் மானுக்கு மட்டும் அனுமதி. ஒரு வார இறுதி தருகிறேன், ஒரு மான். ஒழுங்காகச் செய்தால் இலையுதிர்காலம் தொடங்கி டிசம்பரில் நத்தார் வரை நிலம் உங்களுக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை அண்ணனின் பெடியன்களுக்குச் சொல்லிவிடுவேன். அவர்கள் போன வருடம் வாயிற்கதவைத் திறந்து விட்டுப் போய் மாடெல்லாம் வீதிக்கு வந்தது. ஆனாலும் மான் சுடுவார்கள்.

ஒரு வார இறுதி. இரண்டு விடியற்காலை. யோசனை என்னுடையது என்பதால் சனிக்கிழமை துப்பாக்கி என் கையில், ஞாயிறு அம்மாவின் கையில்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டமொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமையல் ஜாக்கெட்டில்தான் தொடங்கும். வெங்காயம் எண்ணெய்க்குள் விழுமுன் யாராவது "ஜாக்கெட்!" என்று கத்த வேண்டும். உடனே நான் ஓடிப்போய் வாசல் கொக்கிகளில் தொங்குகிற எல்லாருடைய ஜாக்கெட்டையும் அள்ளி அறைக்குள் எறிந்து கதவைச் சாத்துவேன். இரண்டாம் வகுப்பில் ஒருத்தி, கறி மணக்கிறதென்று, என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கொழுவ மாட்டேன் என்ற நாளிலிருந்து இந்தச் சட்டம். நான் அதை ஒருநாளும் மீறியதில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளிலெல்லாம் இப்படி ஒரு கத்தல் உண்டு.

புறப்படும் வெள்ளிக்கிழமை, "முதல் முதலா ஒரு வீட்டுக்குப் போறம், வெறுங்கையோட போறதோ?" என்று அம்மா தாதிக்குக் கொடுக்க ஒரு போத்தல் கறித்தூள் வறுத்தார். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. நான் பல்கனியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். புது வேட்டை ஜாக்கெட் இரண்டும் வாசலில், ஆயத்தமாய், கொக்கியில். ஒருவரும் கத்தவில்லை.

அப்பா கார்த் திறப்பைத் தந்து வழியனுப்பினார். "மானைக் கண்டால் நான் சுகம் விசாரிச்சதெண்டு சொல்லுங்கோ."

அடுத்த நாள் விடியவே தாதி எங்களை வயல் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரிய கல், அதன் பின்னால் ஊசியிலை மரங்கள், முன்னால் ஓட்ஸ் வயல், வயலுக்கு அந்தப்பக்கம் குண்டு போய்ப் புதைய நல்ல மண்மேடு. திரும்பிப்போகுமுன் எங்கள் கையைக் குலுக்கி, "மோசமான வேட்டையாக இருக்கட்டும்!" என்றார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தாதி போனபின் அம்மா என் காதருகே, "ஏன் பிள்ளை போற நேரம் உப்பிடிச் சொல்லுறா?" என்றார்.

"அது இஞ்சை வழக்கம் அம்மா. நல்லது சொன்னா ஒண்டும் கிடைக்காதாம்."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப சரி. வெளிக்கிடேக்கை எங்கை போறாயெண்டு கேட்டா எனக்கு வாற கோபம் மாதிரித்தானே." அத்தோடு அவருக்கும் நோர்வேக்கும் அந்த விடயத்தில் தீர்ந்துவிட்டது.

அசையாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு வரவே வராது. முதல் பத்து நிமிடத்தில் சப்பாத்துக் கயிறு இரண்டு முறை கட்டினேன். தொலைநோக்கியைத் துடைத்தேன். அம்மா ஒரு கையை என் முழங்காலில் வைத்து அழுத்தினார், பஸ்ஸில் சின்னப் பிள்ளையை அழுத்துவது போல. வெளிச்சம் மெல்ல ஓட்ஸுக்குள் இறங்கியது. பிறகு ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மான் நின்றது. செந்நிறம், காதுகளுக்கு நடுவில் கூராய்க் கறுத்த கொம்பு. அறுபது மீற்றர் இருக்கும். என் இதயம் ஜாக்கெட்டுக்கு வெளியே கேட்டது.

துப்பாக்கியை மெல்ல உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து என் கழுத்துப் பின்னால் காற்று ஒரு சின்ன ஊதல் ஊதியது.

மான் தலையைத் தூக்கியது. மூக்கை நீட்டியது. எங்களை நேராகப் பார்த்தது. பிறகு குரைத்தது. கரகரத்த, வயதான நாய் மாதிரி, பெரிய சத்தமாக. ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. போன பிறகும் காட்டுக்குள்ளிருந்து குரைத்துக்கொண்டே இருந்தது, ஊருக்கெல்லாம் செய்தி சொல்வது போல.

"உது நாயோ?" என்றார் அம்மா.

"மான்தான்."

"மான் குலைக்குமோ?"

"படிச்சனாங்கள் அம்மா. நாற்பத்தெட்டு எடுத்தனீங்கள்."

"பிழைச்ச ரெண்டில அது ஒண்டு போல."

காலை பத்து மணிக்குத் தாதியின் சமையலறை மேசையில் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். என் ஜாக்கெட் கையைப் பிடித்துத் தன் மூக்கில் வைத்தார். அந்த ஒரு கணம் நான் மறுபடி இரண்டாம் வகுப்பில் இருந்தேன், காது சூடாகிவிட்டது. அவர் இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தார்.

"நான் என்றால் இந்த வாசத்துக்குக் கிட்ட வருவேன்," என்றார். "மானுக்கு அந்த ரசனை இல்லை."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "ஜாக்கெட்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம், ஒரு நாள் பிந்தி. அம்மா சிரிக்கத் தொடங்கினார். மேசையில் கை ஊன்றி, கண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் பாடசாலையையும் பஸ்ஸையும் நினைத்து ஒளித்த வாசத்தைக் கடைசியில் ஒரு மான் அல்லவா கண்டுபிடித்துவிட்டது! ஏன் சிரிக்கிறோம் என்று தாதிக்கு விளக்க எனக்கு அரைமணிநேரம் பிடித்தது. விளங்கியதும் அவர், "எங்கள் வீட்டிலும் உண்டு," என்றார். "நடனத்துக்குப் போகும் சட்டையை மாட்டுத்தொழுவப் பக்கம் கொழுவ அம்மா விடமாட்டார்."

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். தொழுவத்துக்குப் போய் இரண்டு பழைய நீல மேலங்கிகளோடு வந்தார். பால் கறக்கும்போது போடுவது. வருடக்கணக்காக மாட்டோடு தொங்கியவை. இங்கே மான்களுக்கு மாடு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி, பயப்படாது என்றார். மாலை ஒருவரும் வயல் பக்கம் போகக்கூடாது, இடம் ஆறட்டும். நாளைக் காலை ஒன்றுதான் மிச்சம்.

அப்பா தொலைபேசியில் கேட்டார். "என்னவாம் மான்? சுகமாமோ?"

"குலைச்சது அப்பா."

"அப்ப கொம்மாவைக் கண்டிட்டுது."

"இஞ்சருங்கோ," என்று அம்மா தொலைபேசியைப் பறித்தார், "நாளைக்குப் பின்னேரம் வந்து கதைக்கிறன் உங்களோட."

ஞாயிறு காலை பனி புல்லில் இறங்கியிருந்தது. முகத்துக்கு நேரே காற்று, மெல்ல, மாறாமல். இருவரும் நீல மேலங்கியில், அம்மாவின் கைவிரல் மறைய நீண்ட கை. "இப்ப பால்பண்ணை மாதிரி மணக்கிறம்," என்றார். பிறகு பேசவில்லை. துப்பாக்கி அவர் மடியில்.

முதலில் ஒரு பெண் மானும் குட்டியும் வந்தன. எங்களுக்கு மிகக் கிட்ட, குட்டியின் வாயில் ஓட்ஸ் தொங்குவது தெரியும் அளவுக்கு. எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தன. மாடுகள் இரண்டு என்று நினைத்திருக்க வேண்டும். பின்னால் புதரில் சிவப்பாய் ஏதோ அசைந்தது. அவன்தான். நேற்றைய கொம்பு. பெண் மானைத் தொடர்ந்து மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தான்.

இப்போ, என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. அம்மா சுடவில்லை. குட்டி அவனுக்கு நேர் பின்னால் நின்றது. குட்டி விலகியது, அவன் நடந்துகொண்டிருந்தான். வயலின் மூலை வருகிறது, மண்மேடு முடிகிறது, இன்னும் பத்தடி போனால் பின்னால் வெறும் வானம், சுடக்கூடாது. நத்தார் வரை ஒரு காடு முழுவதும் அந்தப் பத்தடிக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது. என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அம்மா துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுக்காமல், நான் சின்ன வயதில் கடையில் ஓடும்போது கேட்ட அதே குரலில், பெரிதாக அல்ல, ஆனால் தப்ப முடியாதபடி சொன்னார்.

"டேய். நில்லடா."

மான் நின்றது. தலையைத் திருப்பி, யார் கூப்பிட்டது என்று பார்த்தது.

வெடிச் சத்தம் மண்மேட்டில் மோதித் திரும்பி வந்தது. மான் ஒரு தாவு தாவி மரங்களுக்குள் மறைந்தது. அம்மா துப்பாக்கியைத் திறந்து, குண்டை எடுத்து, வகுப்பில் சொன்னபடியே எல்லாம் செய்து, கல்லில் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அவனுக்கு நோவு தெரிஞ்சிருக்குமோ பிள்ளை?"

"தெரியாதம்மா."

தாதி வரும்வரை அசையாமல் இருந்தோம். அவருடைய குட்டைக்கால் நாய் முப்பது மீற்றர்கூடப் போகவில்லை. ஓர் ஊசியிலை மரத்தின் கீழே நின்று வாலை ஆட்டியது. மான் அங்கே கிடந்தது. ஓடிய வேகத்திலேயே உயிர் போயிருந்தது, நெஞ்சில் ஒரே குண்டு. தாதி அந்த மரத்தில் சின்னக் கிளை ஒன்றை முறித்து அதன் வாயில் வைத்தார். கடைசிக் கவளம் என்றார். இன்னொரு கிளையை அம்மாவின் தொப்பியில் செருகினார். அம்மா மண்டியிட்டு மானின் கழுத்து மயிரை ஒருமுறை தடவிவிட்டார்.

"பாவம். இவன் எங்கட போஞ்சியைத் தொட்டிருக்க மாட்டான், என்ன?"

"எப்பிடியம்மா. அது அறுபது கிலோமீற்றர்."

"சரி. அந்தக் கள்ளனுக்கு இவன் சொந்தக்காரனாத்தான் இருப்பான்," என்று மேலங்கிக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

எனக்கு வகுப்பில் படம் போட்டுக் காட்டியது எல்லாம் நினைவிருந்தது, ஆனால் கத்தி அம்மாவிடம் போனபின் எனக்குக் கால்களைப் பிடிக்கும் வேலைதான். வருடக்கணக்காக முழு மீனையும் முழு ஆட்டையும் வெட்டிய கை. ஒரு வெட்டும் தப்பாகப் போகவில்லை. தாதி குனிந்து பார்த்து, "அண்ணனின் பெடியன்களுக்கு இது ஒரு மணித்தியாலம் எடுக்கும்," என்றார். அம்மா ஈரலைத் தனியே எடுத்து வைத்தார்.

மத்தியானம் அந்தப் பண்ணைச் சமையலறையில் முதல் தடவையாக வெங்காயமும் பச்சைமிளகாயும் எங்கள் தூளும் சேர்ந்து வதங்கின. சட்டி அடுப்பில் ஏறுமுன் தாதி தானே எழுந்து, வாசலில் தொங்கிய ஜாக்கெட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஈரல் பிரட்டலைப் பாண் துண்டுகளோடு மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டே தன் அண்ணனை அழைத்து, இந்த வருடம் நிலம் கொடுத்தாயிற்று என்று சொன்னார். யாருக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "அம்மருட்டிலிருந்து இரண்டு பேர்," என்றார் தாதி.

அன்று பின்னேரம் அப்பா கார்க் கதவைத் திறந்து பின்னால் இருந்த பொதிகளைப் பார்த்தார். ஒரு பொதியைத் தூக்கிப் பாரம் பார்த்தார். "அந்த வகுப்பு," என்றார் பிறகு, "குளிர்காலத்தில திரும்ப வைப்பினமோ?" அம்மா கேட்காதது போலப் படியேறினார், தொப்பியில் அந்தக் கிளை இன்னும் இருந்தது.

வேட்டை ஜாக்கெட்டுகளுக்கு இப்போது பல்கனியில், மழைபடாத மூலையில், தனி ஆணி. பக்கத்தில், காட்டு வாசம் ஏறட்டுமென்று, ஊசியிலைக் கிளைகள் போட்ட ஒரு பை. செப்டெம்பர் கடைசியில் அடுத்த பருவம் தொடங்குகிறது, முதல் காலை என் முறை. தூக்கிக் குறிபார்ப்பதெல்லாம் பிரச்சினையில்லை. என் பிரச்சினை இரண்டு மணிநேரம் அசையாமல் இருப்பது. ஆகவே தினமும் வகுப்பு முடிந்து வந்து, பல்கனிக் கதிரையில், தாதி தந்தனுப்பிய மாட்டுத்தொழுவ மேலங்கியோடு உட்காருகிறேன். அம்மா சோற்றுக்கு நேரம் பார்க்கும் மணிக்கூட்டைத் திருப்பி விடுகிறார். அப்பா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று முகத்தைக் கோணிக் காட்டுகிறார். நேற்று நாற்பத்தொரு நிமிடம் இருந்தேன். இன்று ஐம்பது பார்க்கப் போகிறேன்.